பட்டை, சிலிப்பர், ஒரு மின்மினி

அம்மாவின் இரண்டு புறங்காலிலும் ஒரு ‘வி’ முளைத்தது. ஜப்பான் சிலிப்பரின் வார் எங்கே படுமோ அங்கே மட்டும், அளந்து வரைந்த மாதிரி சிவந்து, தடித்து, நீர் கோத்துக்கொண்டு! மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அம்மா. ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தாக்கி லயத்து வாசலில் எறிந்து விளையாடியவர். அந்தக் காலுக்கா ரப்பர் ஆகாது? தோல் மருத்துவர் முதுகில் குட்டிக் குட்டி வில்லைகளை வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்று அனுப்பினார். பிரித்தபோது ஒரே ஒரு வில்லைக்கு அடியில் மட்டும் சிவப்பு. சீட்டில் பெயர் எழுதித் தந்தார்: மெர்காப்டோபென்சோதயசோல். சுருக்கமாக எம்பிடி.

மரத்துப் பாலின் மேல் பழியில்லை என்றதும் அம்மாவுக்கு அப்படியொரு நிம்மதி. கந்தகத்தை மட்டும் போட்டு ரப்பரை வேகவைத்தால் மணிக்கணக்கில் ஆகும். எம்பிடி போன்ற முடுக்கியை ஒரு சிட்டிகை சேர்த்தால் நிமிடங்களில் வெந்து இறுகிவிடும். 1920களிலிருந்து ரப்பர்த் தொழிற்சாலைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இறுகிய பிறகும் ரப்பரில் தங்கிவிடுகிற கொஞ்சநஞ்சம் வியர்வையில் கசிந்து தோலுக்குள் இறங்குகிறது.

அந்தச் சீட்டு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பொருள் தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று, யார் காலும் வேகுமுன்னே எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தேடப் போன இடத்தில் கண்டதை உங்களுக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. வாருங்கள், ஆய்வகத்தின் பின்கட்டு வழியாக உள்ளே போவோம்! எந்த ஆய்வகம் என்பது பெரிதில்லை. செய்முறை முழுவதையும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு அச்சிட்டு வெளியே வைத்திருக்கிறது. ஜப்பானில் செய்தாலும் சுவிட்சர்லாந்தில் செய்தாலும் அளவு ஒன்று, நேரம் ஒன்று.

முதலில் பழைய வழியைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு கனத்தாலும். 1969இல் மாக்னுசன், கிளிக்மன் என்ற இருவர் வகுத்த முறையில் குறைந்தது 10 கினிப்பன்றிகளுக்கு அந்தப் பொருளை ஊசியால் ஏற்றுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் 5. பிறகு வந்தது சுண்டெலி முறை. மூன்று நாள் காதில் தடவி, ஆறாம் நாள் கொன்று, காதருகே உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு வேதிப்பொருளுக்குக் குறைந்தது 16 சுண்டெலிகள்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். ஒரு பிராணி கிடையாது!

முதல் மேசையில் உயிரே கிடையாது. எம்பிடி மாதிரியான மூலக்கூறு மிகப் பொடிசு. தனியாக வந்தால் நம் உடம்பின் காவல்காரர், அதாவது ஜாகா, அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தோலின் புரதம் ஒன்றைப் பற்றிக்கொண்டு புது உருவில் வந்தால்தான் ‘யார்ரா நீ?’ என்பார். 1935இல் லாண்ட்ஸ்டைனரும் ஜேக்கப்ஸும் இதைச் சொன்னார்கள். அப்படியானால் பற்றிக்கொள்ளுமா என்பதை மட்டும் கண்ணாடிக் குப்பியில் பார்த்தால் போதுமே! ஏழே அமினோ அமிலங்களைக் கோத்த இரண்டு குட்டிப் புரதத் துண்டுகள். ஒன்றில் சிஸ்டீன், மற்றதில் லைசின். சந்தேகப்படும் பொருளைக் கலந்து, இருட்டில், 25 டிகிரியில், 24 மணி நேரம் வைத்துவிட வேண்டும். பிறகு எவ்வளவு துண்டு பற்றப்படாமல் மிஞ்சியது என்று கருவி எண்ணிச் சொல்லும். இரண்டிலுமாகச் சராசரி இழப்பு 6.38 விழுக்காட்டைத் தாண்டினால், ஐயா, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்!

இனி நான் குதிக்கப் போகும் இடம். கருவியும் ரசாயனமும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க, ஒவ்வொரு தடவையும் ‘நிச்சயக் குற்றவாளி’ ஒன்றைக் கூடவே ஓடவிட வேண்டும். அது யார் தெரியுமா? சின்னமால்டிஹைட். பட்டை! பிரியாணிச் சட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அதே பட்டையின் வாசம்! சாப்பிடுவதற்குப் பயப்படாதீர்கள், இங்கே பேச்சு, செறிவாகத் தோலில் படுவதைப் பற்றி. நிரபராதிகள் பட்டியலில் யார் என்கிறீர்கள்? தயிரின் புளிப்பான லாக்டிக் அமிலம், கிளிசரின். சமையல்கட்டே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

அடுத்த அறைக்கு வாருங்கள், மெதுவாக. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. பார்த்தால் பல்லாங்குழியைக் குறுக்கிச் செய்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் மனிதத் தோலின் உயிரணுக்கள் ஒட்டிப் பிடித்து வாழ்கின்றன. அவற்றுக்குள் மின்மினிப் பூச்சியின் மரபணு ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். ஆமாம், மின்மினி! தோலணு தொந்தரவை உணர்ந்து தற்காப்பு விசையை அழுத்தும்போது, அதே விசை மின்மினியின் விளக்கையும் சேர்த்து ஏற்றிவிடும். 48 மணி நேரம் கழித்து ஒளியை அளக்கிறார்கள். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கூடினால் எச்சரிக்கை மணி. கண்ணுக்குப் பிடிபடாத மினுக்கல் அது, கருவிதான் பார்க்கும்.

இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “தோட்டத்துல ராத்திரியில புட்டியில புடிச்சு வெச்சுப்போமே, அதுவாடா?” என்றார். அதேதான் அம்மா. பிடிக்கவே வேண்டியதில்லாத மின்மினி.

மூன்றாம் மேசையில் ஜாகாவே வந்துவிடுகிறார். இரத்த வெள்ளணு வகை ஒன்று, டிஎச்பி-1 என்று பெயர். கலக்கம் கண்டால் இந்த அணுக்கள் சிடி86, சிடி54 என்று இரண்டு பதக்கங்களை மேலே அணிந்துகொள்ளும். அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளிக்கு முன் வரிசையில் ஓட, யார் எத்தனை பதக்கம் குத்தியிருக்கிறார் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். இந்த அணுக்கள் ஜப்பானில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயது ஆண் குழந்தையிடமிருந்து வந்தவை. 1980இலிருந்து உலகெங்கும் பெருகிப் பெருகி வாழ்கின்றன. அந்தக் குழந்தையை நினைக்காமல் இந்த மேசையைத் தாண்ட என்னால் ஆகவில்லை.

புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் 10 பொருள்களை வைத்துத் தேர்ச்சி காட்ட வேண்டும். மின்மினிச் சோதனைப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எம்பிடி! ஜாகா சோதனையின் பட்டியலிலும் எம்பிடி! அம்மாவின் கால் சொன்னதைத் தட்டும் சொல்கிறதா என்று உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதில் மலாக்காவுக்கு ஒரு உரிமை உண்டு என்றே எனக்குப் படுகிறது. 1896இல் டான் சே யான் சுமார் 40 ஏக்கரில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டது இங்கே புக்கிட் லிந்தாங்கில்தான். பிறகு புக்கிட் அசகான். விடியுமுன் உளியும் வாளியுமாக அந்தக் காடுகளுக்குள் போனவர்கள் நம் ஆட்கள்.

மூன்று மேசைகளில் எவையேனும் இரண்டு ஒத்துப்போனால் தீர்ப்பு. 2021இல் ஓஇசிடி இந்த ‘மூன்றில் இரண்டு’ முறையை 497ஆம் வழிகாட்டியாக ஏற்றது. மனிதர்களிடம் கண்ட விளைவுகளோடு ஒப்பிட்டால் சுண்டெலிக்கு இது கொஞ்சமும் சளைத்ததில்லை. இதற்கு வித்திட்டவர்களில் பலர் ஒப்பனைப் பொருள் உலகத்தார்: முதல் மேசை பிராக்டர் அண்ட் கேம்பிளில் பிறந்தது, மின்மினி ஜிவோடன் என்ற வாசனைத் திரவிய நிறுவனத்தில், ஜாகா ஜப்பானின் காவ், ஷிசெய்டோ நிறுவனங்களில். 2013 மார்ச் 11 முதல் விலங்கில் சோதித்த ஒப்பனைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கவே முடியாது என்று ஆனது. அதே 2013இல் மலேசியா, முறைப்படி செய்த சோதனை முடிவுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஓஇசிடி ஏற்பாட்டில் முழுமையாகச் சேர்ந்தது. ஒரு நாட்டில் செய்ததை இன்னொரு நாட்டில் திரும்பச் செய்ய வேண்டாம் என்றால், எத்தனை கூண்டுகள் காலியாகும்!

எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் கரையாத பொருள்கள் மக்கர் செய்கின்றன. தலைச்சாயத்திலும் ‘கறுப்பு மருதாணி’யிலும் சேர்க்கும் பிபிடி, காற்றோடு கலந்து உருமாறிய பிறகே முழுக் குணத்தையும் காட்டும், அந்த மாதிரி ஆசாமிகளுக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். இன்னொன்று என்னை உறுத்துகிறது. அந்த உயிரணுக்களுக்கு வழக்கமாக ஊட்டுவது கன்றுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். மனித சீரத்தை வைத்துச் செய்யும் வடிவங்கள் வந்துவிட்டன. அவை எங்கும் பரவ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

போன மாதம் அம்மாவோடு ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். குழாய் ஒட்ட இரண்டு குழல் எப்பாக்சிப் பசை. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் என்றால் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி போடுவார்கள்; வேலையிடங்களுக்கு வரும் ரசாயனங்களுக்கு இங்கே 2013 முதல் அந்த விதி. அட்டையில் அந்தக் குறி இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டி, விரலை அதன்மேல் வைத்துக் கேட்டார்: “இதுக்கும் அந்த மின்மினி எரிஞ்சிருக்குமாடா?”

எரிந்திருக்கும் அம்மா என்றேன். கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார், ரப்பர் அல்லாத கையுறை இருக்கிறதா என்று.