அப்பாவின் ட்ரெயினிங்கை யார் முடித்தது?



இந்த வார எபிசோட்ல வேலையிட ட்ரெயினிங் அப்ஸ் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட பகுதி இது.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். எனக்குப் பதினாலு வயசு இருக்கேக்க, அப்பா வேலை செய்த பிளாஸ்டிக் ஃபக்டரியில இருந்து ஒரு லிங்க் வந்தது. ஹெல்த் அண்ட் சேஃப்டி, நாப்பது ஸ்லைட், கடைசியில பத்துக் கேள்வி. அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்திட்டார். "இதை ஒருக்கா செய்து விடடா" எண்டார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பத்துக்குப் பத்து. சேர்ட்டிபிக்கேட்டில அப்பாவின்ர பேர். உங்களில கனபேர் இதைச் செய்திருப்பியள் எண்டு நினைக்கிறன்.

இந்த மாதிரிக் கோர்ஸ்களில் பெரும்பாலானவை ஸ்கோர்ம் என்ற பழைய தரநிலையில் ஓடுகின்றன. கோர்ஸ் முடிந்ததா, எத்தனை மார்க்ஸ், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை அது கம்பனியின் சிஸ்டத்துக்குச் சொல்லும். கிளிக் பண்ணினது யார் என்று அதற்குத் தெரியாது. ஒஃபிஸ் ஸ்கிரீன்ல எல்லாப் பேருக்கும் நேரே பச்சை டிக் இருக்கும். மெஷினுக்கு முன்னால நிக்கிற ஆளுக்கு என்ன தெரியும் எண்டது வேற கதை.

அந்த மெஷின் என்ன செய்யுது எண்டு பாப்பம். இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் பிளாஸ்டிக் மணிகள் ஒரு சூடான உருளைக்குள் போகும். பொருளைப் பொறுத்து 200 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும். உள்ளே சுழலும் திருகு அதை உருக்கி, அச்சுக்குள் அழுத்தும். அச்சின் இரண்டு பாதிகளும் விலகாமல் பிடித்திருப்பது பல டன் விசை. கை உள்ளே போகாமல் இருக்கத்தான் கதவும், கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லொக்கும். நினைச்ச நேரம் நிப்பாட்டவும் ஏலாது. உருகின பிளாஸ்டிக் உருளைக்குள்ள நிண்டால் கருகும். திரும்பத் தொடங்கினால் சூடு சீராகும் வரைக்கும் வாற சாமான் எல்லாம் கழிவு. அதாலதான் 24 மணி நேரமும் ஓட்டம், அதாலதான் அப்பாமாருக்கு நைட் ஷிஃப்ட்.

இரவு மூன்று மணிக்கு ஒரு மெஷினில் பொருள் மாற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். முதல் ஓடினது அசிட்டல், அடுத்தது பிவிசி. இரண்டும் உருளைக்குள் கலந்தால் ஒன்றை ஒன்று சிதைக்கும். பிவிசியில் இருந்து ஹைட்ரஜன் குளோரைட் வரும், அது அசிட்டலை உடைக்க ஃபோர்மால்டிஹைட் வாயு கிளம்பும். அழுத்தம் ஏறி, கொதிக்கிற பிளாஸ்டிக் வாயால் சீறி அடிக்கலாம். இந்த ரெண்டையும் ஒரே மெஷினில ஓட்டாமல் விடுறதுதான் நல்லது. வேற வழியில்லையெண்டால், நடுவில பொலிஎதிலீன் மாதிரி ஒண்டைப் போட்டு உருளையை முழுசாக் கழுவி எடுக்கவேணும். இது நாப்பது ஸ்லைட்டில இருபத்தேழாவதா இருந்து என்ன பிரயோசனம்? மூண்டு மணிக்கு அந்த இடத்தில நிக்கிறவருக்குத் தெரியவேணும்.

சரி, எப்ப சொல்லிக்குடுக்கிறது? நாலு குழு, 12 மணி நேர ஷிஃப்ட், காலை ஆறில் இருந்து மாலை ஆறு. நாலு நாள் பகல், நாலு நாள் லீவு, நாலு இரவு, நாலு நாள் லீவு. மொத்தம் 16 நாள் சுற்று. ட்ரெயினர் திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதுக்கு வந்து ஐந்துக்குப் போகிறவர். ஒரு குழுவை அவர் காணக்கூடியது அந்த 16 நாளில் நாலே நாள், அதிலும் சனி, ஞாயிறு விழுந்தால் இரண்டு. ஒரே பாடத்தைக் குறைந்தது நாலு தரம் நடத்த வேண்டும். ஏஜென்சியால புதன் இரவு புதுசா வாறவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

கன இடங்களில செய்யிற குறுக்கு வழி, நைட் ஷிஃப்ட் முடிஞ்சவையை ஒன்பது மணி வரைக்கும் மறிச்சு வைக்கிறது. 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளின்படி இரண்டு வேலை நாட்களுக்கு இடையில் பொதுவாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். சில விலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை அதுதான். ஒன்பதுக்கு விட்டு ஆறுக்குத் திரும்பக் கூப்பிட்டால் மிஞ்சுவது ஒன்பது மணி நேரம். பஸ்ஸும் அதுக்குள்ளதான். பதினைஞ்சு மணித்தியாலம் முழிச்சிருந்த மூளைக்குள்ள என்ன ஏறும்? ஃபோக்கார்டும் டக்கரும் 2003இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காலை ஷிஃப்டை விட இரவில் விபத்து, காய ஆபத்து ஏறக்குறைய 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ட்ரெயினிங் கூடத் தேவைப்படுற ஆக்களுக்குத்தான் அது குறையக் கிடைக்குது.

வீட்டுக்கு லிங்க் அனுப்புறதும் அதே குறுக்கு வழிதான். 1999ஆம் ஆண்டின் சுகாதார, பாதுகாப்பு மேலாண்மை விதிகளில் 13ஆவது விதி, பாதுகாப்புப் பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. ஷிஃப்ட்டுக்கு வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் அதையும் வேலை நேரத்தின் நீட்சியாகத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்பது சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டல். அப்பாக்கு இது தெரியாது. எனக்கும் முப்பது வயசிலதான் தெரிஞ்சுது.

அப்ப எது வேலை செய்யும்? விஆர் ஹெட்செட் டெமோ பாக்க நல்லா இருக்கும். நாலு குழுவுக்கு ஒரு ஹெட்செட், அதுவும் பூட்டின அலுமாரிக்குள்ள, சாவி பகல் மனேஜரிட்ட. எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டனுக்கும் வந்த ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி திட்டத்தின் முறை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்யவிட்டுப் பார், பிறகு திரும்ப வந்து பார். இதை அந்தந்தக் குழுவிலேயே இருக்கிற அனுபவசாலி ஒருவர், ஷிஃப்ட் தொடக்கத்தில், மெஷினுக்குப் பக்கத்தில், பத்து நிமிடத்தில் செய்யலாம். அவருக்கு அதுக்குக் காசும் குடுக்கவேணும், சும்மா "நீ சொல்லிக்குடு" எண்டு விடுறதில்லை.

டெக்னோலொஜிக்கு இடம் அதுக்குப் பிறகுதான். மெஷினில் ஒட்டின கியூஆர் கோட், பக்கத்தில் கட்டி வைத்த டாப்லெட் (கன ஃபக்டரிகளில் ஃபோன் உள்ளே கொண்டுபோக விடமாட்டினம்), ஒரு நிமிட வீடியோ. சத்தம் இல்லாமலே விளங்க வேண்டும், ஏனென்றால் எல்லோர் காதிலும் அடைப்பான். எழுத்து தமிழ், போலிஷ், குஜராத்தி எண்டு தெரிவு செய்யக்கூடியதா இருந்தால் இன்னும் நல்லம். மூன்று கிழமை கழித்து ஒரு கேள்வி, டிக் அதுக்குப் பிறகு.

போன ஞாயிறு அப்பாவிட்ட கேட்டன், அசிட்டலும் பிவிசியும் கலந்தால் என்ன நடக்கும் எண்டு. தேத்தண்ணியை வைச்சிட்டு, நைட் ஷிஃப்ட்ல ஒரு குஜராத்தி அண்ணா கையப் பிடிச்சுக் காட்டித் தந்ததெல்லாம் ஒண்டும் விடாமல் சொன்னவர். அந்த ஒன்லைன் டெஸ்ட் ஞாபகம் இருக்கோ எண்டன்.

"எந்த டெஸ்ட்?"