காலையில் மட்டும் இன்ஜின் தட்டுகிறதா?

மார்த்தாண்டம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிச் செல்ல, விடியற்காலை 4 மணிக்கு பிக்கப் வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். தட்டும் சத்தம் கேட்கிறது. ஒர்க்ஷாப் திறந்ததும் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தமே இல்லை. ஓடி வந்ததில் இன்ஜின் சூடாகிவிட்டது. மெக்கானிக் எதைக் கேட்பார்? முதல் ஒரு நிமிடத்தை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இரவு முழுக்க நிற்கும் வண்டியில் ஆயில் அடியில் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது வால்வுகள் வரை ஏறச் சில விநாடி ஆகும். அதுவரை 'டிக் டிக்' என்று கேட்டு நின்றுவிட்டால் பயமில்லை. நாளுக்கு நாள் சத்தம் நீண்டால், சமதரையில் வண்டியை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரி என்றால் ஆயில் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களில் உண்டு. சூட்டில் அது இறுகிவிடும். பால்வெட்டும் ஊரில் ரப்பரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

டீசல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சற்றுக் கடகடப்பது இயல்பு. மழைக்காலத்தில் 'கீச்' என்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடி, சூடான பிறகும் குறையாத கனத்த 'டொக் டொக்' சத்தம்தான் ஆபத்து, பேரிங் தேய்ந்திருக்கலாம். அது கேட்டாலோ, சிவப்பு ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். குலையை வாடகை வண்டியில் அனுப்புங்கள். கிராங்க் ஷாஃப்ட் செலவுக்கு அந்த வாடகை ஒன்றுமேயில்லை.

மற்ற சத்தங்களுக்குச் செல்போன் பதிவு உதவும். அதைவிட நல்லது, முந்தைய நாள் மாலையே வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுவது. காலையில் மெக்கானிக்கே சாவியைத் திருப்பட்டும்.