கோணல்கால் குட்டியும் கோடி ரூபாய்ப் பொலிகுதிரையும்

நம் மண்ணின் மேல் ஒரு பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மார்க்கோ போலோ. 1290களில் இந்தக் கரையைத் தொட்டவர் அவர். அராபியர் 'மாபார்' என்று அழைத்த சோழமண்டலக் கரை நாட்டில், எவ்வளவு உயர்ந்த ஆண்குதிரையை எவ்வளவு உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும், கால் கோணிப்போய் ஏறிப் போக உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று எழுதிவைத்தார். 1279இல் சோழர் ஆட்சி முடிந்து காவிரிக் கழனிகள் பாண்டியர் கைக்குப் போயிருந்த காலம் அது. பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். குதிரை வைத்தியம் தெரிந்த ஆளை வியாபாரிகள் கூட்டி வருவதுமில்லை, வர விடுவதுமில்லை என்றும் அவரே சொல்கிறார். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கும் கிராக்கி!

கடல்வழிக் குதிரை அப்போதே பழைய செய்தி. புகார்த் துறையில் மரக்கலத்தில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், கொண்டுபோன பொருளைக் கோயிலுக்குச் செலவழித்த இடமாகச் சொல்லப்படும் ஆவுடையார்கோயில், பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். இந்தக் கதைகளிலெல்லாம் குதிரை வாங்கப்படுகிறது, எதிலும் குட்டி போட்டு வளர்வதில்லை. சாஸ்திரத்துக்குக் குறைவில்லை. தஞ்சை சரஸ்வதி மகாலில் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கிறது, வண்ணப் படங்களோடு 1952இல் அச்சிலும் வந்தது. குட்டிக்குத்தான் கால் நேராகவில்லை.

ஏன்? எனக்குச் சந்தேகம் நம் வைக்கோல்போர் மேல். நெல் விளையும் ஊரில் எந்தக் கால்நடைக்கும் முதலில் கிடைப்பது வைக்கோலும் தவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட், அந்தச் சொற்பத்தையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிடம் கடன் வாங்கும். வளர்ந்த குதிரைக்கு முக எலும்பு உப்பும். வளர்கிற குட்டிக்கு எலும்பு உறுதியாகத் திரளாது. ஐரோப்பாவில் மாவு அரைக்கும் மில்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு வளர்த்ததால், இந்த நோய்க்கு 'மில்லர் நோய்' என்றே பெயர் வந்தது.

அதே வைக்கோலைத் தின்று மாடு மட்டும் எப்படித் தேறுகிறது? மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஆக்சலேட்டை அவை அங்கேயே உடைத்துவிடும். குதிரைக்கு அந்தத் தொழிற்சாலை பின்குடலில் இருக்கிறது. கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலைத் தாண்டிய பிறகு உடைத்து என்ன பிரயோஜனம்? ஆகவே டெல்டா தனக்கென்று உருவாக்கிக்கொண்ட விலங்கு குதிரை அல்ல, உம்பளச்சேரி மாடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டும் காலில் வெள்ளையுமாக, முழங்கால் சேற்றில் நாள் முழுக்க உழக்கூடிய கட்டைகுட்டையான உடம்பு. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசே அதற்கு ஒரு பண்ணை வைத்திருக்கிறது.

நல்ல பொலிகாளை எது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் காளையைக் காட்டமாட்டார்கள், அதன் கன்றுகளைக் காட்டுவார்கள். விதைநெல்லையும் முளைவிட்ட பிறகுதான் நம்புவார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த பொலி விலங்கான பந்தயக் குதிரையின் விஷயத்திலும் கடைசியில் கணக்கு இதுதான். ஆனால் அங்கே கன்றைப் பார்க்கும் முன்பே கோடிகள் கைமாறிவிடுகின்றன.

பந்தயத்தில் ஓடுவது 'தரோபிரெட்' என்ற இனம். இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கீழைநாடுகளிலிருந்து போன ஆண்குதிரைகளை உள்நாட்டுப் பெட்டைகளோடு சேர்த்து உண்டாக்கியது. இன்றைய தரோபிரெட் எதன் தந்தைவழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனாலும் மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும்: டார்லி அரேபியன், பயர்லி டர்க், கோடால்பின் அரேபியன். 1791இல் தொடங்கிய வம்சாவளிப் பேரேட்டில் பெயர் ஏறாத குதிரை இந்த இனமே அல்ல. நம் நாட்டுப் பேரேடு புனேயில் இருக்கிறது. பெரிய பண்ணைகளும் புனே, பஞ்சாப், ஹரியானா பக்கம்தான். சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் ஓடியவை அங்கிருந்தெல்லாம் வந்தவை. இந்த வம்சாவளியைப் படித்துக் கணிப்பதும் ஒரு திறமை என்பதால், கிண்டி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டத்திலிருந்து பிரித்து வைத்தது. பணம் இழந்தவர்கள் அந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

நன்றாக ஓடிய ஆண்குதிரை நான்கைந்து வயதில் ஓய்வுபெற்றுப் பண்ணைக்குப் போகும். நம் ஊரில் மாடு பருவத்துக்கு வந்தால் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட்டுவிடுகிறோம். ஈச்சங்கோட்டைப் பண்ணையில் ஒரு காளையிடம் ஒரு தடவை எடுக்கும் விந்தைப் பல நூறு குச்சிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். காளை செத்த பிறகும் கன்று பிறக்கும். தரோபிரெட்டுக்கு இந்த வழி கிடையாது. நேரடியாகப் பொலிந்து பிறந்த குட்டிக்குத்தான் பேரேட்டில் இடம், ஊசியில் உண்டானதற்கு இல்லை. உலகம் முழுக்க இதே சட்டம். அதனால் ஒரு குதிரை ஒரு பருவத்தில் நூறு, இருநூறு, மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம் பெட்டைகளைத்தான் பார்க்க முடியும். விலை ஏறுவதன் ரகசியம் இந்தத் தட்டுப்பாடுதான்.

பெட்டை தயாரா என்று பார்க்கக் கோடி ரூபாய்க் குதிரையை அனுப்பமாட்டார்கள், உதை வாங்கினால் யார் பொறுப்பு? அதற்கென்றே சாதாரணக் குதிரை ஒன்றைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். அது கனைக்கும், பெட்டை இசைந்து நிற்கும், உடனே அதை இழுத்துப்போய்க் கட்டிவிட்டுப் பெரியவரை அழைத்து வருவார்கள். பண்ணையிலேயே பாவப்பட்ட பிறவி அதுதான்.

சினைக்காலம் 11 மாதம். நம் நாட்டிலும் வடபாதி உலகிலும் எந்தக் குட்டி எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று அதற்கு ஒரு வயது கூடும், ஆகவே வருஷத் தொடக்கத்தில் பிறந்தால்தான் லாபம். குட்டி இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2021இல் பொலியத் தொடங்கிய குதிரைக்கு 2022இல் முதல் குட்டிகள், 2024இல் அவற்றின் முதல் ஓட்டம். இடையில் மூன்று வருஷம் யாருக்கும் எதுவும் தெரியாது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் விதையைப் பார்த்து மகசூல் சொல்வது போல.

அந்த மூன்று வருஷ இருட்டுக்குள் நுழையும் முன்பே கவிழ்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் தொடர்ந்து 16 பந்தயம் வென்ற சிகார் என்ற குதிரை 1997இல் பண்ணைக்குப் போனது. ஒரு பெட்டைகூடச் சினையாகவில்லை. காப்பீட்டு நிறுவனம் 2.5 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

எதிர்ப்பக்கம் நார்தர்ன் டான்சர். கனடாவில் பிறந்த குள்ளக் குதிரை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்கப் பார்த்தார்கள், கேட்க ஆளில்லை. 1964இல் அதுவே கென்டக்கி டெர்பியைச் சரியாக 2 நிமிடத்தில் ஓடிச் சாதனை செய்தது. முதல் ஈட்டுக் குட்டிகளில் ஒன்றான வைஸ்ரீகல், இரண்டு வயதிலேயே 1968இன் கனடாவின் தலைசிறந்த குதிரையானது. இரண்டாம் ஈட்டில் நிஜின்ஸ்கி. 1970இல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அதைப் போல் இன்றுவரை இன்னொரு குதிரை வரவில்லை. 1980களில் நார்தர்ன் டான்சரோடு ஒரு பெட்டையைச் சேர்க்க 10 லட்சம் டாலர் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். குட்டி பிறக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

அதன் மகன்களில் ஒன்றுதான் ரஸீன். ஹென்றி சிசில் பயிற்றுவித்த குதிரை. 1990 எப்சம் டெர்பியில் எல்லாரும் இதன் மேல்தான் பணம் கட்டினார்கள், அது கூட்டத்தின் பின்னால் எங்கோ வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் அத்தோடு பெயர் போயிற்று. பிறகு ஹரியானாவின் உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து, பலமுறை இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரை ஆனது. தான் ஓடித் தோற்ற குதிரைக்கு ஓடி ஜெயிக்கும் குட்டிகள் எப்படி? ஓட்டம் என்பது ஒரு நாள், ஒரு தரை, ஒரு ஜாக்கி. வித்து அதுவல்ல. இந்திய வெயிலுக்கும் தரைக்கும் அதன் குட்டிகள் பொருந்தின என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஈட்டின் வெற்றியை முழுசாக நம்புவதும் ஆபத்து. புதுக் குதிரை வந்த வருஷம் ஆசைப்பட்டு நல்ல பெட்டைகளை அனுப்புவார்கள். குட்டியின் பாதி தாய்தான், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா முழுக்கத் தாயுடையது. பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு குட்டி, அப்பனுக்கு நூறு, அதனால் பேர் அப்பனுக்குப் போகிறது. அடுத்த இரண்டு மூன்று வருஷம் யாரும் துணிந்து நல்ல பெட்டை அனுப்புவதில்லை, ஆகவே அடுத்து வரும் ஈடுகள் திடீரென்று மங்கும். இன்னொன்று: தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மையோஸ்டேட்டின் மரபணுவின் ஒரு வடிவம் குட்டியைச் சீக்கிரம் முறுக்கேற்றிக் குறுந்தூரத்தில் பாயவைக்கும், மறு வடிவம் மெதுவாக வளர்த்து நெடுந்தூரம் ஓடவைக்கும் என்று 2010இல் டப்ளின் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். முதல் வகைக்கு அப்பனாக இருந்தால் இரண்டு வயதிலேயே கைதட்டல். இரண்டாம் வகைக்கு அப்பனாக இருந்தால், பண்ணைக்காரருக்குப் பொறுமை தீர்ந்து குதிரையை விற்ற பிறகு குட்டி ஜெயிக்கும்.

பொலிக்கும் தேறாமல் ஓட்டமும் ஓய்ந்த குதிரைகள்? புனேயின் பூனாவாலா குடும்பம் ஒருகாலத்தில் அவற்றை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் சுரக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்கும் வேலை அங்கே நடந்தது. கொடுப்பதற்குப் பதில் நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் 1966இல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிடியூட். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது.

காவிரிப் படுகையில் குதிரை கடைசியில் வந்து நிலைத்தது இந்த வடிவத்தில்தான். அறுப்புக் காலத்தில் கண்ணாடிவிரியன் கடித்துத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிவரும் ஆளுக்கு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்து ஏற்றும் வெள்ளைப் பொடி குதிரை இரத்தத்திலிருந்து வந்தது. குப்பியின் மேல் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு பாம்புகளின் பெயரும் அச்சாகியிருக்கும். குதிரையின் பெயர் இருக்காது.