பொழுது சாய்ந்தால் அழும் பச்சைப்பிள்ளை

"பகலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வெளக்கு வைக்கிற நேரம் தொடங்கின அழுகை, இன்னும் ஓயல."

கம்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயம் லயமாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிள்ளையின் முகம் சிவந்து போகும். கையை இறுக்கி, காலை வயித்தோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழும். பால் கொடுத்தாலும் நிற்காது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தானே! அந்தப் பக்கத்து ஆட்களும் விழித்துக்கொள்வார்கள். "பால் பத்தல", "கண்ணூறு பட்டுருச்சு", "தாய்க்காரி கண்டதையும் தின்னுருப்பா" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் பழி முழுவதும் தாயின் தலையில்தான் விழும். அந்தத் தாய்க்காகவே இதை எழுதுகிறோம்.

இது என்ன அழுகை?

வைத்தியர்கள் இதைக் 'கொலிக்' என்கிறார்கள். நாம் வயித்து வலி அழுகை என்கிறோம். 1954இல் மொறிஸ் வெசல் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். நோய் நொடி இல்லாத பிள்ளை ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல், கிழமையில் 3 நாளுக்கு மேல், 3 கிழமைக்கு மேலாக அழுதால் அது கொலிக். ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு இது வரலாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் வரும், மாப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் வரும்.

காரணம் இதுதான் என்று மருத்துவ உலகம் இன்னும் ஒன்றை மட்டும் கைகாட்டவில்லை. வயித்தில் காற்று சேருவது உண்மைதான். ஆனால் அழும்போது பிள்ளை காற்றை விழுங்குவதாலேயே பாதி வயிறு உப்புகிறது. பிறந்து இரண்டு மூன்று கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமையில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இந்த அழுகை தன்னாலே ஓய்ந்துவிடும். இதில் தாயின் குற்றம் ஒன்றுமில்லை.

பிரசவ லீவு 84 நாள். 2018ஆம் வருஷச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள்தான். பொதுவாகப் பிள்ளை பிறந்த பிறகு அதில் 10 கிழமை கிடைக்கும். ஆகவே அழுகை உச்சமாக இருக்கிற ஆறாம் கிழமையில் தாய் வீட்டில் இருப்பாள். மறுபடி கொழுந்துக்குப் போகிற நேரம் அழுகை இறங்கத் தொடங்கியிருக்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி பயம் போகும்.

கையால் செய்கிற வைத்தியம்

1. பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் எடுக்க விடுங்கள். நடுவில் ஒரு தடவை எடுத்தாலும் நல்லது.

2. பிள்ளையின் வெறும் மார்பைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்வையைப் போடுங்கள். நம் மலைப்பக்கத்துக் குளிருக்குத் தாயின் உடம்புச் சூட்டை விட நல்ல சூடு கிடையாது. தகப்பன் மார்பும் இதற்கு உதவும்!

3. பிள்ளையை முன்னங்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டு மெல்ல நடவுங்கள். வயிறு உங்கள் கையில் அழுந்தும்போது சில பிள்ளைகளுக்குச் சுகம் தெரியும். தூங்கிவிட்டால் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

4. அழாத நேரத்தில் கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றி, கடிகார முள் சுற்றுகிற பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். பிறகு சைக்கிள் மிதிப்பது போல இரண்டு காலையும் மாற்றி மாற்றி மடக்கி நீட்டுங்கள். தொப்புள் ஆறாத பிள்ளைக்கு அங்கே எண்ணெயோ பெருங்காயமோ பூச வேண்டாம்.

5. வெளிச்சத்தையும் ரேடியோவையும் குறைத்து, தொட்டிலில் மெல்ல ஆட்டி, தாலாட்டுப் பாடுங்கள். ஒரே சீரான சத்தம் பிள்ளையை அடக்கும்.

"தூக்கித் தூக்கி வச்சா கைப்பழக்கமாயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1986இல் கனடாவில் மொன்றியல் நகரில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த சாதாரணப் பிள்ளைகள், ஆறாம் கிழமையில் மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாகவே அழுதன. கொலிக் வந்த பிள்ளையின் அழுகை இதனால் முழுக்க நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போகாது.

தாய் செய்யக்கூடியதும் உண்டு. பத்தியம் என்று வயிற்றைக் காயப் போட வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடியுங்கள். சாயத்தண்ணியைக் குறைத்துப் பாருங்கள். அதிலுள்ள கபீன் பாலில் கொஞ்சம் சேரும். வீட்டுக்குள் பீடி, சிகரட் புகை வேண்டவே வேண்டாம்.

வாய்க்குள் எதுவும் வேண்டாம்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லி வருகிறது. சுடுதண்ணியும் இதில் அடங்கும்.

வசம்பு: பிள்ளை வளர்த்தி என்று பேர் வைத்து உரசிக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் அதில் அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டார்கள். உரசுகிற கல்லின் அழுக்கும் பிள்ளையின் வயித்துக்குள் போகும். கையில் கட்டிவிட்டால் வாயில் வைத்துத் தொண்டையில் சிக்கலாம்.

தேன்: ஒரு வயது வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, கை காலைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்தலாம். பச்சைப்பிள்ளைகளுக்கு வருகிற இந்த நோயை 1976இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கிரைப் வாட்டர்: 1851இல் இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் வுட்வர்ட் என்பவர் தொடங்கியது. அன்று அதில் சதகுப்பை எண்ணெய், சோடா, சீனி, மதுசாரம் எல்லாம் இருந்தன. இங்கிலாந்தில் 1992இல் மதுசாரத்தை எடுத்துவிட்டார்கள். அழுகையை அது குணமாக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. ஓமத்தண்ணியும் இப்படித்தான். வயித்தை நிரப்பிப் பால் குடியைக் குறைக்கும்.

பிராந்தி: ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

குலுக்க வேண்டாம்

"உரம் விழுந்திருக்கு" என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டி எடுப்பார்கள். நாவூறு சுத்திப் போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் உருட்டுவதும் குலுக்குவதும் ஆபத்து. பிள்ளையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கப் பலம் இல்லை. வேகமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். கண் போகலாம், உயிரும் போகலாம்.

விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும், தூக்கமும் இல்லை என்றால் யாருக்கும் கோபம் வரும். அப்படி வந்தால் பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுங்கள். ஆள் இல்லாவிட்டால் மல்லாக்கப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, பத்து நிமிஷம் இஸ்தோப்பில் போய் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அண்ணன்மாரே, ராத்திரியில் ஒரு மணித்தியாலம் பிள்ளையை நீங்கள் சுமந்தால் அதை விடப் பெரிய மருந்து தாய்க்கு இல்லை.

எப்போது ஓட வேண்டும்?

எல்லா அழுகையும் கொலிக் அல்ல. காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லுப் போல வயிறு, உச்சிக்குழி உப்புவது, கவட்டில் வீக்கம், துவண்டு மயங்கிக் கிடப்பது, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்குக் கூப்பிடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். கிளினிக்கில் நிறை ஏறாவிட்டாலும், நான்கு மாதம் தாண்டியும் அழுகை குறையாவிட்டாலும் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைக்கு ஒரு வயது வரை, வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கச் சட்டம் நேரம் தருகிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு 30 நிமிஷம், இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வீட்டில் ராத்திரி பிள்ளை அழுதால், காலையில் குறை சொல்லப் போக வேண்டாம். "கொஞ்ச நேரம் எங்கிட்ட குடு, நீ படு தங்கச்சி" என்று கையை நீட்டுங்கள். லயத்தில் சுவர் ஒன்றாக இருப்பது அதற்கும் உதவட்டும்.