ஓவன் வேண்டாம், கணக்கு வேண்டும்

பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய, பெரிய மூலதனம் தேவைப்படாத தொழில் ஒன்றைப் பற்றி எழுதுமாறு வாசகிகள் பலர் கேட்டு வருகின்றார்கள். கேக் செய்து விற்கலாமே என்று சொன்னால், "ஓவன் இல்லையே நானா" என்பதுதான் முதல் பதில். ஓவன் வாங்கப் பணம் வேண்டும். வாங்கிய பின் கரண்ட் பில்லும் கட்ட வேண்டும். ஆகவே இவ்வாரம் ஓவனே தேவைப்படாத ஓர் இனிப்பை எடுத்துக்கொள்கின்றேன். அதுதான் கச்சான் பட்டரும் சொக்லட்டும் சேர்ந்த துண்டுகள்.

அரைத்த கச்சான், பிஸ்கட் தூள், சீனி, பட்டர் ஆகியவற்றைப் பிசைந்து தட்டில் அழுத்தி, மேலே உருக்கிய சொக்லட்டை ஊற்றி, பிரிட்ஜில் இறுக வைத்துத் துண்டு துண்டாக வெட்டுவது. இவ்வளவுதான் வேலை. நான் சமையற்காரன் அல்லன். பலசரக்கு வியாபாரி. செய்முறையை வீட்டில் உள்ளவர்கள் சொல்ல எழுதுகின்றேன். கொள்முதலும் விலைக் கணக்கும் மட்டுமே என்னுடையவை.

நிலக்கீழ் அறையில் தொடங்கிய வியாபாரம்

கச்சானையும் சொக்லட்டையும் சேர்த்துப் பெரும் பணம் சம்பாதித்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த எச்.பி. ரீஸ் என்பவர். ஹேர்ஷி சொக்லட் கம்பனியின் பால் பண்ணையில் வேலை பார்த்தவர். பதினாறு பிள்ளைகளின் தகப்பன். சம்பளம் போதாமல் வீட்டின் நிலக்கீழ் அறையில் இனிப்புச் செய்து விற்கத் தொடங்கினார். 1928இல் கச்சான் பட்டரைச் சொக்லட் கிண்ணத்துக்குள் அடைத்த இனிப்பைச் சந்தைக்கு விட்டார். சொக்லட்டைத் தானே தயாரிக்க அவர் முனையவில்லை. ஹேர்ஷியிடமே விலைக்கு வாங்கினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனித் தட்டுப்பாடு வந்தது. அப்போது அவர் மற்ற இனிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு, சீனி குறைவாகத் தேவைப்படும் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் 1956இல் மரணித்தார். 1963இல் அவரது மக்கள் அந்தக் கம்பனியை ஹேர்ஷியுடனேயே இணைத்தார்கள். வீட்டில் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை என்பது ஒன்று. பத்துப் பண்டம் செய்து தடுமாறுவதை விட ஒரு பண்டத்தைத் திருத்தமாகச் செய்வது மேல் என்பது மற்றது.

கச்சானை எப்படி வாங்குவது?

கடையில் போத்தலில் விற்கும் கச்சான் பட்டரை வாங்கிச் செய்தால் இலாபம் முழுவதும் அந்தப் போத்தலிலேயே போய்விடும். கச்சானை வாங்கி வறுத்து வீட்டில் அரைப்பதே வழி. மொனராகலை, குருநாகல், புத்தளம், முல்லைத்தீவு என நமது நாட்டிலேயே கச்சான் விளைகின்றது. புதிய போக அறுவடை வரும் காலத்தில் விலையும் இறங்கும், பருப்பும் நன்றாக இருக்கும்.

வாங்கும்போது ஒரு பிடி பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் பிடித்தவை இருக்கின்றனவா? ஒன்றை வாயில் போட்டால் கசக்கின்றதா? கிலோவுக்கு இருபது முப்பது ரூபா குறைகின்றது என்று இப்படிப்பட்ட சரக்கைத் தொட வேண்டாம். இதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் தேடியவர்கள் கடைசியில் தீவனத்தில் வந்து நின்றார்கள். பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது மனிதரின் ஈரலையும் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முற்றாக அழியாது. ஆகவே வாங்கிய கச்சானைச் சுளகில் கொட்டி, கெட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மிச்சத்தை ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

செய்முறை

ஒன்பது அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்குத் தேவையானவை: கச்சான் பருப்பு 300 கிராம், பட்டர் 170 கிராம், மாரி பிஸ்கட் 200 கிராம், ஐஸிங் சீனி 180 கிராம், கறுத்தச் சொக்லட் 250 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

கச்சானைத் தாச்சியில் இளந்தீயில் கிளறிக் கிளறி, உள்ளே பொன்னிறம் வரும்வரை வறுங்கள். ஆறியதும் தோலைத் தேய்த்துப் புடைத்துவிடுங்கள். கிரைண்டரில் போட்டு விட்டு விட்டு அரையுங்கள். முதலில் தூளாகும், பிறகு உருண்டையாகத் திரளும், அதற்கும் பின்னரே எண்ணெய் கக்கிக் களியாகும். இடையில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம். கிரைண்டர் சூடேறினால் சற்று ஓய்வு கொடுங்கள். தோலும் ஈரமும் போக ஏறக்குறைய 265 கிராம் களி கிடைக்கும்.

அதில் ஒரு மேசைக்கரண்டியை மேற்பூச்சுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துடன் உருக்கிய பட்டர், சலித்த ஐஸிங் சீனி, நைஸாகப் பொடித்த பிஸ்கட், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். தட்டில் ஒயில் பேப்பர் விரித்து, கலவையைக் கொட்டி, அடி தட்டையான கோப்பையால் நன்றாக அழுத்துங்கள். அழுத்தம் போதாவிட்டால் வெட்டும்போது உதிரும்.

சொக்லட்டை உடைத்து ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதித்து இறக்கிய தண்ணீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் தொடக் கூடாது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு ஈரம் விழுந்தாலும் சொக்லட் மணல் போலத் திரைந்துவிடும். எடுத்து வைத்த கச்சான் களியை அதில் கலந்து, தட்டின் மேல் ஊற்றிச் சமப்படுத்துங்கள். பிரிட்ஜில் வைத்து, சொக்லட் பாதி இறுகிய பக்குவத்தில் மேலே கோடு போட்டுவிடுங்கள். இரண்டு மணித்தியாலம் சென்று, சுடுநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் அந்தக் கோடுகளில் வெட்டினால் சொக்லட் வெடிக்காது. ஆறுக்கு ஆறாக 36 துண்டுகள் வரும். ஒரு துண்டு ஏறக்குறைய 29 கிராம் இருக்கும்.

நமது வெயிலுக்கு ஏற்ற மாற்றம்

வெளிநாட்டுச் செய்முறைகளில் மேற்பூச்சுக்கு நிறையக் கச்சான் பட்டரோ தேங்காய் எண்ணெயோ கலக்கச் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகிவிடும். கச்சான் எண்ணெய் எப்போதுமே திரவம்தான். எனவே காத்தான்குடியிலோ கற்பிட்டியிலோ பகல் வெயிலில் கடை மேசையில் வைத்தால் பூச்சு கையில் ஒட்டும். விற்பனைக்குச் செய்பவர்கள் ஒரு மேசைக்கரண்டியுடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

அசல் சொக்லட்டில் இருப்பது கொக்கோ பட்டர். அது 34 பாகை அளவில் உருகும், அதற்கு முன்னரே இளகிவிடும். கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் கொம்பவுண்ட் சொக்லட்டில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கின்றது. விலை குறைவு, உருக்கி ஊற்றினால் இலேசாக இறுகும், சூட்டையும் சற்றுத் தாங்கும். ருசியில் அசலுக்குச் சமமாகாது. எதைப் பாவிக்கின்றீர்களோ அதையே வாங்குபவரிடம் சொல்லுங்கள். கொம்பவுண்டைப் போட்டுவிட்டு அசல் சொக்லட் விலை கேட்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. சொக்லட், பிஸ்கட், எசன்ஸ் எதை வாங்கினாலும் உறையில் ஹலால் சான்றையும் உள்ளடக்கத்தையும் வாசித்துவிட்டு வாங்குங்கள். ஈ471 போன்ற சேர்மானங்கள் தாவரக் கொழுப்பிலும் வரும், மிருகக் கொழுப்பிலும் வரும்.

கூலியை எழுதாத கணக்கு

நம் சகோதரிகள் தொழிலில் நொடித்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "சாமான் செலவு இவ்வளவு, விற்றது இவ்வளவு, மிச்சம் இலாபம்" என்று கணக்குப் பார்ப்பார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டுக்குக் கச்சான் 300 ரூபா, பட்டர் 350, பிஸ்கட் 260, ஐஸிங் சீனி 90, சொக்லட் 600. சாமான் செலவு 1,600 ரூபா. உறை, பெட்டி, எரிவாயு, கரண்ட் எல்லாம் சேர்த்து 200. ஆக 1,800 ரூபா. 36 துண்டுகளுக்குப் பிரித்தால் துண்டு 50 ரூபா அடக்கம்.

70 ரூபாவுக்கு விற்றால் துண்டுக்கு 20 ரூபா இலாபம் என்று தோன்றும். ஆனால் 36 துண்டில் மூன்றாவது உடையும், ருசி பார்க்கப் போகும், அல்லது விற்காமல் திரும்பும். மிச்சம் 33. அவற்றை 70 ரூபாப்படி விற்றால் 2,310 ரூபா. கடைக்காரருக்கு நூற்றுக்கு இருபது கொமிஷன் போனால் கைக்கு வருவது 1,848 ரூபா. செலவு போக மிஞ்சுவது 48 ரூபா. இரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த பெண்ணின் கூலி 48 ரூபாவா?

அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு 450 ரூபா கூலி என்று முதலிலேயே எழுதுங்கள். மொத்தச் செலவு 2,250 ஆகின்றது. துண்டை 100 ரூபாவுக்கு விற்றால் 33 துண்டுக்கு 3,300. கொமிஷன் கழிய 2,640. கூலியும் எடுத்து, 390 ரூபா இலாபமும் நிற்கும். "100 ரூபா என்றால் யார் வாங்குவார்?" என்று கேட்கலாம். 70 ரூபாவுக்கு நூறு தட்டு விற்றாலும் கை வெறுங்கைதான். அந்த விலைக்குத்தான் போகும் என்றால் கடைக்குக் கொடுக்காமல் நேரே விற்க வழி பாருங்கள். பெருநாள், திருமணம், பிள்ளை பிறந்த வீடு ஆகியவற்றுக்கு ஓடர் எடுத்துச் செய்தால் கொமிஷனும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. வீட்டு ஆள் செய்த வேலை என்பதால் கூலி இல்லாத வேலை ஆகிவிடாது. இதைச் சகோதரிகளை விட அவர்களது கணவன்மார்களும் மகன்மார்களும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நெருப்பு படாத பண்டம்

கேக் என்றால் கடைசியில் ஓவனுக்குள் போகின்றது. மாவிலோ கையிலோ கிருமி இருந்தாலும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் செத்துவிடும். இந்தப் பண்டத்தில் கச்சானை வறுக்கும்போது காட்டுவதே கடைசித் தீ. அதற்குப் பிறகு படும் அழுக்கு வாங்குபவர் வாய் வரை போகும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கச்சான் பட்டரில் சல்மொனெல்லா என்ற கிருமி புகுந்து 700க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். ஒன்பது பேர் மரணித்தார்கள். கச்சான் பட்டர் போன்ற ஈரமில்லாத பண்டத்தில் அந்தக் கிருமி பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதைத் தயாரித்தது பீனட் கோப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற கம்பனி. சரக்கில் கிருமி இருப்பது தெரிந்தும், பொய்ச் சான்றிதழ்களுடன் அனுப்பினார்கள் என்று வழக்கில் நிரூபணமானது. அதன் தலைவர் ஸ்டூவர்ட் பார்னலுக்கு 2015இல் 28 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கம்பனி அதற்கு முன்னரே வங்குரோத்தாகிவிட்டது. நிறுத்தி வைத்திருந்தால் போயிருக்கக்கூடியது கொஞ்சச் சரக்கின் விலை மட்டும்தான்.

நமது குசினி பெரிய தொழிற்சாலை இல்லை. ஆனால் விதி ஒன்றுதான். பச்சைக் கச்சான் வைத்த சுளகில் வறுத்ததைக் கொட்ட வேண்டாம். கிரைண்டரைக் கழுவினால் முற்றாகக் காய்ந்த பின் பாவியுங்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ளவர் அன்று தட்டில் கை வைக்க வேண்டாம். பழைய எண்ணெய் வாடை வந்த துண்டை விற்கவும் வேண்டாம், தானம் கொடுக்கவும் வேண்டாம். பிரிட்ஜில் இரண்டு கிழமை, வெளியில் மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளுக்குக் கொடுப்பதென்றால், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான லேபல் விதிகளைப் பார்க்க வேண்டும். பண்டத்தின் பெயர், தேறிய நிறை, உள்ளடக்கம், தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பாளர் பெயரும் விலாசமும் தெளிவாக இருக்கட்டும். தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துப் பேசிவிடுங்கள். அவர் வந்து பிடிக்கும்வரை காத்திருப்பதை விட அது மரியாதை. "இதில் கச்சான் உண்டு" என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு கடி கூட உயிராபத்தாகலாம்.

முதல் மாதத்தில் கிழமைக்கு ஒரு தட்டு போதும். ஒரு கொப்பியில் வாங்கியது, செய்தது, விற்றது, திரும்பியது, கூலி என்று ஐந்து வரிசை போடுங்கள். நான்கு தட்டு முடிந்த பின் அந்தக் கொப்பியைப் பார்த்து, ஐந்தாவது தட்டைப் போடுவதா, விலையைத் திருத்துவதா என்று முடிவெடுங்கள்.