தன் துணியைத் தானே நூற்பது

தான் உடுத்தும் துணியைத் தானே ஆக்கிக்கொள்வது அறக்கடமை என்ற எண்ணத்தை இந்தியாவில் மக்கள் இயக்கமாக்கியவர் காந்தி. 1924இல் பெல்காம் காங்கிரஸ் மாநாடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதை வாங்கித் தரவும் இடம் இருந்தது.

2,000 கஜம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அங்குலத்துக்கு நீளவாட்டுப் பாவில் 40 இழை, குறுக்கு ஊடையில் 40 இழை என்று நெய்தால், ஒரு சதுர கஜத் துணிக்கே 2,880 கஜம் நூல் வேண்டும். அந்த மாதப் பங்கு முழுதும் ஒரு சட்டைக்குக் காணாது. பஞ்சுத் திரியை இழுக்கும் கை அவசரப்பட்டால் இழை அறும். தயங்கினால் முறுக்கேறிச் சுருளும். ராட்டையில் உட்கார்ந்தவருக்குத் துணியின் அருமை விரலிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்பே, கையால் நூற்று நெய்த கதரை வாங்க வசதியில்லை என்று ஏழைகள் சொன்னபோது இந்த அறத்துக்கே சோதனை வந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறியது அதற்கான விடை. எல்லாரும் ராட்டை சுற்றுவதால் மனம் மழுங்கும் என்று 1925இல் தாகூர் எழுதியதும் தள்ளிவிடக்கூடிய கருத்து அல்ல.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது 1935இல் நடந்தது. நூற்கும் பெண்களுக்குக் கிடைத்த சொற்பக் கூலியால்தான் கதரின் விலை மேலும் ஏறாமல் இருந்தது. விலை ஏறினாலும் சரி, வாழப் போதுமான கூலி தர வேண்டும் என்று காந்தி வற்புறுத்த, அகில இந்திய நூற்போர் சங்கம் கூலியை உயர்த்தியது. கதர் இயக்கத்தின் மிக நேர்மையான முடிவு அதுவே.

இன்று டெல்லி மயூர் விஹாரில் ஒருவர் தன் குர்தாவைத் தானே தைத்துக்கொண்டாலும் பருத்தி, நூல், நெசவு, சாயம் எல்லாம் பிறர் உழைப்பு. அதே கிழக்கு டெல்லியில் உள்ள காந்தி நகர்ச் சந்தையில் ஆயத்த ஆடைகள் மலிவாகக் குவிகின்றன. அவையும் யாரோ தைத்தவையே. தைக்கப் பழகுங்கள். ஒரு சட்டைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிந்த பிறகு, தையற்காரரிடமும் நெசவாளரிடமும் கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள்.