செங்கல் இடுக்கில் முளைப்பவை

ஐப்பசி மழை விட்ட ஒரு வாரத்தில் செங்கல் பாவிய முற்றத்தைப் பாருங்கள். கல்லின் மேல் ஒன்றும் இருக்காது. இடுக்குகளில் மட்டும் கட்டம் கட்டமாகப் பச்சைக்கோடு ஓடியிருக்கும்: அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, பருப்புக்கீரை, அருகு. “அடியில பாலித்தீன் விரிச்சுத்தானே கல்லு பதிச்சோம், அப்புறம் எப்படி வந்துச்சு?” என்று பலரும் கேட்கிறார்கள்.

வேர் கீழே போகிறது என்பதால் விதையும் கீழிருந்தே வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான களைகள் மேலிருந்துதான் வருகின்றன. காற்று அள்ளிவரும் புழுதியும், வேப்பஞ்சருகின் தூளும், பெருக்கும்போது துடைப்பம் தள்ளிவிடும் மண்ணும் இடுக்கில் இறங்கி, மக்கி, ஒரு விரற்கடை ஆழத்துக்கு நல்ல எருமண்ணாகிவிடும். வெட்டுக்காயப் பூண்டின் விதை பஞ்சுக் குடை பிடித்துப் பறந்து வரும். மூக்கிரட்டையின் பிசுபிசுப்பான காய் காலில் ஒட்டிக்கொண்டு வரும். கீழாநெல்லிக் காய் காய்ந்ததும் வெடித்துத் தன் விதையைத் தானே எறியும். இந்தப் பொடி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கல்லுக்கு அடியில் இருட்டில் கிடப்பவை உறங்கத்தான் செய்யும். ஆகவே அடியில் விரித்த பாலித்தீன் இவற்றைத் தடுப்பதில்லை. மழைநீர் இறங்காமல் தேங்கவைத்து, இடுக்கின் ஈரத்தைத்தான் அது கூட்டுகிறது.

செங்கல்லும் தன் பங்குக்கு உதவுகிறது. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. மூன்று கிலோ கல் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பொருள். வெயிலில் கொதிக்கும் தரை வேறு செடியை வாட்டிவிடும். ஆனால் அருகு, அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை மூன்றும் சி-4 என்னும் வகை ஒளிச்சேர்க்கை செய்பவை; கடும் வெப்பத்திலும் குறைந்த நீரை வைத்துக்கொண்டு செழிக்கும்.

இடுக்கை மண் இல்லாமல் வைத்திருப்பதே முதல் வேலை. மழை விட்ட மறுநாள், ஈரம் காயும் முன், தேய்ந்த கத்தியாலோ கொக்கி போல வளைத்த கம்பியாலோ மண்ணையும் வேரையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். பூப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது முக்கியம். பிடுங்கிய பருப்புக்கீரையை அங்கேயே போட்டுவிடாதீர்கள். சதைத் தண்டில் உள்ள நீரைக்கொண்டு அது மறுபடி வேர்விடும், விதையையும் முற்றவைக்கும். சுரண்டிய இடுக்கில் சலித்த எம்-சாண்டைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, படிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். வாய் வரை இறுகிய மணலில் புழுதிக்கு இடமில்லை.

கொதிநீர் இளஞ்செடியைக் கொல்லும். சோறு வடித்த கையோடு கஞ்சியை ஊற்றுவதைவிட வெறும் கொதிநீரே நல்லது. கஞ்சி இடுக்கில் தங்கினால் அதுவும் எருதான். வினிகர் இலையைக் கருக்கும், வேரை விட்டுவிடும். உப்பை மட்டும் போடவே போடாதீர்கள். கரைந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் போய், நீர் ஆவியானதும் படிகமாகி உள்ளிருந்து நெருக்கும். கல் பூத்து, பொரிந்து, பொடியாக உதிரும். களைக்காகக் கல்லையே இழப்பது எனக்குப் பொறுக்காது. கிளைபோசேட் விஷயத்தில், பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாகவே அதைத் தெளிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. குழந்தைகள் தவழும் முற்றத்துக்கு அது தேவையே இல்லை.

இவ்வளவு சொல்லியும் ஒன்று மிச்சம்: கோரை. அது உண்மையிலேயே கீழிருந்து வருவது. மண்ணுக்குள் சங்கிலி கோத்ததுபோலக் கிழங்குகள் கிடக்கும். நாட்டு மருந்துக்கடையில் கோரைக்கிழங்கு என்று வாங்குகிறோமே, அதுவேதான். தழையைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறும். அதுவரை தலைக்கிழங்கு அடக்கிவைத்திருந்த மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துளிர்க்கும். அதன் ஊசிமுனைக் குருத்து பாலித்தீன் தாளையும் துளைத்து வரும். கோரை உள்ள பகுதியில் கல்லைப் பெயர்த்து, கிழங்கைத் தோண்டி, வெயிலில் சுக்காகக் காயவிடுவதுதான் நம்பகமான வழி. ஈரம் போனால் கிழங்கு செத்துவிடும். பெயர்க்க முடியாதவர்கள் வாரந்தோறும் தரையோடு தரையாக நறுக்கி வரலாம். இலை இல்லாமல் கிழங்கின் சேமிப்பு மெல்லத் தீரும். அதற்குப் பல மாதப் பொறுமை வேண்டும். கல்லைத் திரும்பப் பதிக்கும்போது அடியில் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, நீர் ஓடச் சரிவும் கொடுத்துவிடுங்கள்.

எறும்பையும் கவனிக்க வேண்டும். இடுக்கின் ஓரத்தில் மணல் சிறு கூம்பாகக் குவிந்திருந்தால், எறும்புகள் அடியிலுள்ளதை வெளியே தள்ளுகின்றன என்று பொருள். அங்கே உள்ளே வெற்றிடம் விழுந்திருக்கும். அடுத்த மழைக்கு முதல் இலை அங்கேதான் எட்டிப்பார்க்கும். ஒரு கைப்பிடி மணலை அன்றே அங்கே தள்ளிவிடுங்கள்.